ஏதுவும் வாய்மையும்



மாணாக்கர் கேட்கும் வினாக்களுள் ஆசிரியரைப் பெரிதும் இடர்ப்படுத்துவன கணக்கைப் பற்றியனவும் அல்ல. இலக்கணத்தைப் பற்றியனவும் அல்ல. பத்து வயதுப் பிள்ளை ஒன்று எழுந்து நின்று, "பொய் ஏன் சொல்லக் கூடாது?" என்று கேட்குமாயின், நம்மிற் பலர் விடை சொல்லுதற்கு முன்னே முகத்தைச் சுளிக்கின்றோம். "பெரியோர் சொன்னார், கேள்" என்பார் சிலர். "சுவாமி கண்ணைக் குத்துவார்" என்பார் வேறு சிலர். இவ்விரண்டும் விடையாகா. முன்னையது வினாவை வேறோரிடத்துக்கு அனுப்பிவிடுகின்றது. பின்னையது அதனை அச்சத்தால் மூடிவிடுகின்றது. அச்சத்தால் மூடப்பட்ட வினா அழிந்துபோவதன்று. அப்பிள்ளை வளர்ந்து, பட்டினத்திற் சென்று கற்கும் நாளிலே அது மீண்டும் தலையெடுக்கும். அப்பொழுது அதற்கு விடை சொல்லுவார் நாமல்லேம், வேறு யாரோ.

ஏதுக் கேட்டல் பத்திக்கு மாறானது என்று கருதுவார் நம் சமய நூல்களின் முகப்பையாயினும் திறந்து பார்ப்பாராக. மெய்கண்டதேவர் 13ஆம் நூற்றாண்டில் அருளிச்செய்த சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களால் ஆயது. அச்சூத்திரங்கள் அதிகரணங்களாகப் பகுக்கப்பட்டு, மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் முறையில் நடக்கின்றன. இறைவன் உளன் என்பதை நிறுவப் புகுந்த முதற் சூத்திரம், "நம்புக" என்று தொடங்கவில்லை. உலகம் தோன்றியும் நின்றும் ஒடுங்கியும் வருதலைக் காட்டி, அதனை ஏதுவாகக் கொண்டு, அதற்கு ஒரு கருத்தா வேண்டும் என்று முடிக்கின்றது. அவர் மாணாக்கராகிய அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார்ச் சுபக்கத்தின் தலையிலேயே அளவையை வைத்தார். பரபக்கத்திலோ, உலகாயதன் முதலிய பிறமதத்தார் கொள்கையை முன்னர் எடுத்து நிறுத்தி, பின்னரே மறுத்தார். மறுக்கப்படுவோன் தன் கூற்றென்று ஒப்புக்கொள்ளும் வண்ணம் அதனை எடுத்துரைத்தல் ஒரு பெரிய நேர்மை. இக்காலத்து மேடைகளில் அது காண்டற்கு அரிதாயிற்று, அது நிற்க.

தமிழிலே தருக்கம் ஒரு சமயத்தார்க்கே உரியதாய் இருந்ததுமன்று. பௌத்த காப்பியமாகிய மணிமேகலை தன் இருபத்தொன்பதாம் காதையிலே பக்கம், ஏது, திட்டாந்தம் என்பவற்றையும் அவற்றின் போலிகளையும் விரித்துரைக்கின்றது. அன்னம்பட்டர் வடமொழியில் இயற்றிய தருக்கசங்கிரகத்தைத் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் தமிழிற் பெயர்த்தார். அதனை அச்சிற் பதிப்பித்தவர் நம் நல்லூர் ஆறுமுக நாவலரவர்கள். ஈழத்துப் பாடசாலைகளின் உயர்தர வகுப்பிலே கற்பிக்கப்படும் பாடத்திற்கும் அளவையியல் என்பதே பெயர். ஆதலின், நியாயம் கேட்டல் கப்பலேறி வந்த சரக்கு என்று எவரும் எண்ணற்க.

இனி, அந்த அளவையைப் பிள்ளைகட்கு எங்ஙனம் தொடங்குவது? பழைய உதாரணமே போதும். இம்மலை நெருப்புடையது என்பது மேற்கோள். புகையுடைமையால் என்பது ஏது. எங்கெங்குப் புகையுண்டோ அங்கங்கு நெருப்புண்டு, அடுக்களை போல என்பது எடுத்துக்காட்டு. இம்மலையும் அத்தன்மைத்தான புகையுடையது என்பது உபநயம். ஆதலின் நெருப்புடையது என்பது நிகமனம். கௌதமர் நியாய சூத்திரத்திற் கூறிய ஐந்து உறுப்புக்கள் இவை. யாம் மிசன் பாடசாலையிற் கற்ற காலத்தில், எல்லா மனிதரும் இறப்பர், சோக்கிரதர் மனிதர், ஆதலின் சோக்கிரதர் இறப்பர் என்னும் மூன்றுறுப்பு நியாயத்தைக் கற்றோம். அரிஸ்டோட்டில் வழியிற் போந்த அதுவும் செவ்விதே; அதனை யாம் இகழோம். ஆனால் அதில் அடுக்களை இல்லை. பொதுவிதி ஒன்றைக் கொணர்வோன் அவ்விதியைத் தான் எங்கே கண்டான் என்று ஓரிடத்தையேனும் சுட்டிக்காட்டல் வேண்டும் என்பது நம் நியாய நூலார் கட்டளை. பிள்ளைகட்கு இக்கட்டளை மிகப் பயன்படும். "எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்று சொல்லும் மாணாக்கனை, "யார் போல?" என்று கேட்டாற் போதும், அவன் விதியிற் பாதி அப்பொழுதே உதிர்ந்துவிடும்.

அடுத்த படி சிறிது கடினமானது. ஆயினும் இக்கட்டுரை முழுவதும் அதன்மேலே நிற்றலின் அதனை விரித்துரைக்கின்றோம். புகையுண்மையால் நெருப்புண்டு என்பது பிழையின்று. அதனை மறித்து, நெருப்புண்மையால் புகையுண்டு என்றால் என்னாகும்? பிள்ளைகள் முதலில் ஆம் என்பார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டை நினைவூட்டுக. ஆண்டு நெருப்புண்டு, புகையில்லை. அற்றேல், நெருப்புப் புகைதல் எப்பொழுது? ஈரவிறகு சேர்ந்தபொழுது. மாரிகாலத்தில் அடுப்பூதிக் கண் சிவந்த தாய்மார்க்கு இதனை ஒருவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஈரவிறகின் சேர்க்கை என்னும் இந்நிபந்தனையை நூலார் உபாதி என்பர். விதி கூறுவோன் அதனைச் சொல்லாது விட்டமையால் விதி பொய்த்தது. ஏதுப்போலிகள் ஐந்து எனத் தருக்கசங்கிரகம் வகுக்கும். அவற்றின் பெயர்களை மேல்வகுப்பிற் சொல்லிக்கொள்ளலாம். கீழ்வகுப்புக்கு ஒரு கேள்வி போதும்: "ஈரவிறகு எங்கே?"

இக்கேள்வியை ஒழுக்கத்தின்மேல் வைத்துப் பார்ப்போம்.

திருக்குறளில் வாய்மை என்பது முப்பதாம் அதிகாரம். அதன் இரண்டாங் குறளை அறியாத சைவப் பிள்ளை இல்லை. அதிலும் தண்டனைக்கு அஞ்சும் நேரத்தில் அதனை மறப்பவன் ஒருவனும் இல்லை. குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்ச்சொல்லும் மெய்ச்சொல்லோடு வைத்து எண்ணப்படும் என்பது அதன் கருத்து. அயல்வீட்டு மாமரத்திற் கல்லெறிந்தவன் தம்பி. அவனை அறியேன் என்றவன் தமையன். தமையனை வினாவினால் அவன் கூறும் நியாயம் இது: "நன்மை தரும் பொய் வாய்மையாம். யான் சொன்ன பொய்யால் தம்பி அடிபடாது தப்பினான். ஆதலின் யான் சொன்னது வாய்மை." இவ்வுருவம் மேனாட்டு முறைக்கும் பொருந்தும், நம் முறைக்கும் பொருந்தும். இதனைக் கேட்டு வெகுளும் ஆசிரியர் தம்மிடத்து மறுமொழி இல்லாமையாலேயே வெகுளுகின்றார்.

மறுமொழி உண்டு. நன்மை தரும் என்று வள்ளுவர் வாளா கூறவில்லை. குற்றம் நீங்கிய நன்மை என்று கூறினார். அவ்வடைமொழியே ஈரவிறகு. அதனை நீக்கிவிட்டு விதியை மாத்திரம் எடுத்து வந்தான் தமையன். குற்றம் நீங்கிய நன்மையாவது யாது என்பதற்குப் பரிமேலழகர் உரை இடந்தருகின்றது. அது அறம் என்றும், கேடோ சாவோ வந்தெய்தும் நிலையில் நின்ற ஓருயிர் அச்சொல்லின் பொய்ம்மையாலேயே அதனின் நீங்கி இன்புறுதலே அந்நன்மையைப் பயத்தல் என்றும் அவர் விளக்கினார். இவ்வுரையை ஊன்றி நோக்குக. தப்பவேண்டியதோர் உயிர் உண்டு. அதனை எதிர்நோக்கியது கேடு அல்லது சாவு, இரண்டு பிரம்படியன்று. அன்றியும், பொய்ம்மையாலேயே என்று தேற்றம்படக் கூறியதனால், வேறு வழியால் நீக்கத்தக்க துன்பத்துக்கு இவ்விதி பொருந்தாது என்பது எம் துணிபு. அயல்வீட்டாரிடம் சென்று மன்னிப்புக் கேட்கும் வழி தமையனுக்குத் திறந்தே இருந்ததன்றோ?

மற்றொன்றும் காண்க. வள்ளுவர் இவ்விலக்கைக் கூறிய மாத்திரையே, அடுத்த குறளிலே, தன் உள்ளம் அறிந்ததை மறைத்துப் பேசுவானை அவ்வுள்ளமே பின்னர் எரியாய் நின்று வருத்தும் என்று எச்சரித்தார். இரண்டையும் ஒருங்கு படிப்பிக்க வேண்டும். முன்னதை மாத்திரம் மனனம் பண்ணுவித்தல் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காவலாளனை வீட்டுக்கு அனுப்புவதாகும்.

அற்றேல், எக்காலத்தும் உள்ளதை உள்ளபடி சொல்லுவதே சேமமானது; விலக்கு எதற்கு என்பார் உளர். மேனாட்டுத் தத்துவ ஞானியருள் தலைசிறந்தாருள் ஒருவராகிய இம்மானுவேல் காண்ட் இப்பக்கத்தினர். ஒருவனைக் கொல்லத் துரத்தி வருவோன், "அவன் உன் வீட்டில் உளனோ?" என்று வினாவினாலும், விடை சொல்லியே ஆகவேண்டிய நிலையில் நின்றவன் பொய் சொல்லலாகாது என்று அவர் 1797ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வரைந்தார். உண்மையை அறிதற்கு உரிமையுடையானுக்கே உண்மை சொல்லும் கடன் உண்டு என்று பெஞ்சமின் கொன்ஸ்தான் என்பார் எழுதியதற்கு மறுப்பாக எழுந்தது அது. காண்ட் கூறிய ஏதுக்களை நாமும் அவர் ஒப்பும் வண்ணமே சொல்லுவோம். மெய் கூறல் இன்னானுக்கு என்று அளந்து கொடுக்கும் கடனன்று. மனித குலம் முழுவதற்கும் செய்யும் கடன். ஒருவன் பொய்த்தாலும் சொல்லின்மேல் உள்ள நம்பிக்கையும், நம்பிக்கையின்மேல் நிற்கும் ஒப்பந்தங்களும் தளரும். அன்றியும், விளைவை முன்னறிவார் யார்? நீ இல்லை என்று சொன்னாய். நண்பனோ உனக்குத் தெரியாமல் பின்வாயிலால் வெளியேறினான். திரும்பிச் சென்ற கொலைஞன் தெருவிலே அவனைக் கண்டான். இப்பொழுது அவன் சாவில் உனக்கும் பங்குண்டு என்பர் காண்ட்.

இது வலிய வாதமே. ஆயினும் இவ்வழக்கு அவர்க்கு மிக முன்னரே பாரத தேசத்தில் விசாரிக்கப்பட்டுத் தீர்ப்பும் பெற்றது. வியாச பாரதத்துக் கன்னபருவத்தில், தன் காண்டீவத்தைப் பிறர்க்குக் கொடு என்று சொல்லுவானைக் கொல்லுவேன் என்று முன்னர்ச் சபதஞ் செய்திருந்த அருச்சுனன், அச்சொல்லைச் சொன்ன தமையன்மேல் வாளெடுத்தான். சபதத்தைக் காப்பது வாய்மை என்பது அவன் ஏது. கண்ணபிரான் அவனைத் தடுத்துக் கூறிய கதை இது. கௌசிகன் என்னும் தவத்தோன் ஊருக்குப் புறத்தே ஆறுகள் கூடுமிடத்தில் வசித்தான்; எக்காலும் மெய்யே சொல்லுவேன் என்னும் விரதம் பூண்டான்; அதனாற் புகழும் பெற்றான். கள்வர்க்கு அஞ்சி ஓடி வந்த சிலர் அயலிலே காட்டினுட் புகுந்தனர். பின்வந்த கள்வர், "மெய் சொல்லும் பெரியவரே, அவர்கள் எவ்வழிச் சென்றனர்?" என்றனர். கௌசிகன் கண்டதைக் கண்டவாறே சொன்னான். ஓடினோர் கொல்லப்பட்டனர். கௌசிகன் நரகெய்தினான்.

இக்கதையைக் கேட்ட பிள்ளைகள் திகைப்பார்கள். திகைக்கட்டும். மெய் சொன்னவன் நரகு புகுந்தான் என்பது அவர்கள் கற்ற விதியைக் குலைக்கின்றது. குலைந்த இடத்திலேதான் ஆராய்ச்சி பிறக்கும். கௌசிகன் செய்த பிழை யாது? அவன் தன் விரதத்தைக் காத்தான். அதற்கு விலை கொடுத்தவர் பிறர். அவர்கள் உயிரைச் செலவிட்டுத் தன் பெயரைப் பேணினான். காண்ட் கூறிய பின்வாயிற் கதையைப் பொறுத்தமட்டில், கௌசிகனிடம் அறிந்த வழியும் அறிந்த கள்வரும் இருந்தனர்; ஐயம் இருந்தது பின்வாயிலிலே மாத்திரம். நிச்சயமான கேட்டையும் ஐயமான கேட்டையும் ஒரு தட்டில் வைத்து நிறுத்தல் நிறையறிந்தார் செய்கையன்று. மெய்யின் பொதுநன்மையைப் பற்றி அவர் கூறியதோ எளிதிற் கடத்தற்பாலதன்று. அதனாலேதான் வள்ளுவர் விலக்கை அத்துணை ஒடுக்கமாக அமைத்தார் என்று யாம் கொள்ளுகின்றோம்.

பொய்ச்சொல் ஒருகால் அறமாகலாம் என்று கண்டோம்; மெய்ச்சொல் ஒருகால் பாவமாகலாம் என்றும் கண்டோம். மெய்ச்சொல்லே பொய்யாதலும் உண்டு. துரோணர் போர்க்களத்தில் நின்றபொழுது, அசுவத்தாமா என்னும் பெயருடைய யானையை வீமன் கொன்றான். "அசுவத்தாமா இறந்தான்" என்று தருமன் உரக்கச் சொல்லி, யானை என்பதைத் தெளிவின்றி மெல்ல உரைத்தான். துரோணர் தம் மகன் இறந்தான் என்று கொண்டார். அதுவரை நிலத்தின் மேல் நால்விரல் உயர்ந்து ஓடிய தருமன் தேர் அன்றே மண்ணில் இறங்கியது என்பது பாரதம். சொல்லிற் பிழையில்லை, தேர் ஏன் இறங்கிற்று? நியாய நூலிலே சலம் என்பதொன்று உண்டு. நவகம்பலம் உடையான் இச்சிறுவன் என்று ஒருவன் புதுக் கம்பளத்தைக் கருதிச் சொல்ல, நவம் என்பதற்கு ஒன்பது என்னும் பொருளும் உண்மையைப் பற்றிக்கொண்டு, "ஒன்பது கம்பளம் ஏது? ஒன்றன்றோ உளது!" என்று மறுத்தல் அது. பிறன் சொல்லுக்கு அவன் கருதாத பொருளைக் கற்பித்தல் சலம். தருமன் செய்தது அதன் மறுபுறம். தன் சொல்லுக்குத் தான் அறிந்த பொருளை விட்டு வேறு பொருளைப் பிறன் கொள்ளும்படி வைத்தல். வகுப்பறையில் இது நாடோறும் நிகழ்வது. "புத்தகத்தை நீ எடுத்தாயா?" "நான் எடுக்கவில்லை, சேர்." எடுத்தவன் தோழன், மறைத்து வைத்திருப்பவன் இவன். தேர் இறங்கிய கதையை அன்றைக்கே சொல்லுக.

பிள்ளைகளைப் பற்றி இதுகாறும் பேசினோம். இனி நம்மைப் பற்றிப் பேசுதல் முறை.

வரவு இடாப்பு நம் கையில் இருக்கின்றது. தந்தை நோயுற்றமையால் வயலுக்கும் கடலுக்கும் கூலிக்கும் சென்று, பல நாள் பாடசாலைக்கு வாராத மாணாக்கன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். அறிவுடையவன், வறியவன். பரீட்சைக்குத் தோற்றுதற்கு வேண்டிய வரவு அவனுக்குக் குறைகின்றது. வாராத நாள்களுக்கு வந்த அடையாளம் இட்டுவிட்டால் அவன் பரீட்சை எழுதுவான். வகுப்பாசிரியர் பேனாவை எடுக்கின்றார். அவர் நாவிலே வாய்மை அதிகாரத்து இரண்டாங் குறள் நிற்கின்றது. இவரைக் கள்வர் என்று சொல்ல எமக்கு வாய் வராது. அவர் நெஞ்சில் இரக்கம் உண்டு. ஆயினும் ஈரவிறகு எங்கே என்று அவரையும் கேட்டே ஆகவேண்டும்.

தப்பவேண்டிய உயிர் உண்டோ? உண்டு, பரீட்சை இழத்தல் அவ்வறிய பிள்ளைக்குக் கேடென்றே சொல்லலாம். அக்கேடு பொய்ம்மையாலேயே நீங்குமோ? அன்று. நிகழ்ந்ததை உள்ளபடி எழுதி, வைத்தியர் கடிதமும் கிராமத்தார் சான்றும் சேர்த்து, மேலதிகாரிகளை மன்றாடிக் கேட்கும் வழி முன்னே கிடக்கின்றது. அவ்வழி நெடியது, கந்தோருக்குப் பலமுறை நடக்க வேண்டும், ஒருகால் பயனின்றியும் போகலாம். அடையாளம் இடுதலோ அரை நிமிட வேலை. இங்கேதான் ஆசிரியர் தம் நெஞ்சைச் சோதிக்க வேண்டும். பொய் காத்தது பிள்ளையின் பரீட்சையையோ, தம் கால்களையோ? பிள்ளையின் பரீட்சையே ஆயினும், அவ்விடாப்பை நம்புவோர் யாவர்? காய்ச்சலோடும் மழையிலும் நடந்து வந்து அடையாளம் பெற்ற ஏனைய பிள்ளைகளும் அதே தாளில் இருக்கின்றார்கள். அவர்கள் வரவுக்கு இனி என்ன மதிப்பு? காண்ட் கூறிய பொதுநம்பிக்கை இவ்விடத்தில் முழு வலிமையோடு வந்து நிற்கின்றது. கொலைஞன் கேட்கும் கேள்விக்கு அவர் கூறியதை ஒப்பாத யாம், இடாப்பிற்கு அவர் கூறுவதை ஒப்புகின்றோம்.

பாடசாலையின் பெயருக்காகப் புள்ளியைக் கூட்டுவாரையும், சேர்க்கைக்காக வயதைத் திருத்துவாரையும் இங்கே விரித்துப் பேசவேண்டுவதில்லை. அவர்கள் ஏதுவிலே நன்மையும் இல்லை, குற்றமின்மையும் இல்லை.

தன் ஏதுவின் குற்றம் தனக்கு ஏன் தோன்றுவதில்லை? பிறன் ஏதுவில் ஒரு நொடியிற் காணும் ஓட்டை தன் ஏதுவில் ஆண்டுக்கணக்காக மறைந்து கிடப்பது எதனால்? இதற்குத் தருக்க நூலில் விடையில்லை, சித்தாந்தத்தில் உண்டு. உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனிலே ஆணவமலத்தை இருளோடு ஒப்பிட்டு வேற்றுமை காட்டினார். இருள் பிற பொருள்களை மறைக்கும். ஆனால் இருள் என ஒன்று உண்டு என்பதைத் தானே காட்டும். ஆணவமோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைக்கும். இரவில் விளக்கின்றி நடப்பவன் தான் இருளில் நடப்பதை அறிவான். தன்னலத்தால் நியாயம் பேசுவோன் தான் தன்னலத்தாற் பேசுவதை அறியான். அறத்தாற் பேசுவதாகவே முழுமனத்தோடு நம்புவான். ஆதலினாலே ஏதுவைத் தனியே வைத்து ஆராய்தல் போதாது. பிறர் கேட்கச் சொல்ல வேண்டும். வாதம், செற்பம், விதண்டை என மூன்றனுள், உண்மை அறிதற்பொருட்டு நிகழ்வதாகிய வாதத்தை நூலார் உயர்ந்ததாக வைத்ததன் பயன் இது என்பது எம் கருத்து. மாணாக்கன் எழுந்து ஏன் என்று கேட்கும்பொழுது அவன் நமக்குச் செய்வது அவமதிப்பன்று. நம்மால் நமக்குச் செய்துகொள்ள இயலாத ஓர் உதவி.

அங்ஙனம் கேட்கப்படும் வினாக்களுள் மிகக் கடியதொன்றைச் சொல்லுவோம். யாழ்ப்பாணத்தில் அரிச்சந்திரன் கதையை அறியாதார் இலர். மயானகாண்டத்தை நடிகமணி வைரமுத்து நடிக்கக் கண்டு விடியுமளவும் கண்ணீர் உகுத்த பாட்டன்மார் வழியில் வந்த பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கின்றார்கள். கௌசிகன் கதையைக் கேட்ட பின்னர், அவர்களுள் ஒருவன் இப்படிக் கேட்பான்: "சேர், கௌசிகனும் மெய்யைக் காத்தான், அரிச்சந்திரனும் மெய்யைக் காத்தான். கௌசிகனுக்கு நரகம், அரிச்சந்திரனுக்குப் புகழ். இது என்ன நியாயம்?" இவ்வினாவை எதிர்கொள்ளாத ஆசிரியர் கௌசிகன் கதையைத் தொடங்காதிருத்தல் நன்று.

முதலாவது வேற்றுமை: அரிச்சந்திரன் மறுக்கக்கூடியதாயிருந்தது தான் கொடுத்த வாக்கு. இல்லை என்றிருந்தால், பெறவேண்டியவன் ஒருவன் இழந்திருப்பான். ஆதலின் அப்பொய் குற்றமற்றதாகாது. கௌசிகனிடம் கள்வர்க்கு யாதொரு கடனும் இல்லை. இரண்டாவது: கௌசிகன் விரதத்துக்கு விலை பிறர் உயிர், அரிச்சந்திரன் வாக்குக்கு விலை அவனுடைய அரசும் உடலும். தன்னையே புலையனுக்கு விற்றான். இவ்வளவிற் பிள்ளைகள் பெரும்பாலும் தெளிவார்கள்.

தெளியாதவன் ஒருவன் இருப்பான்; அவனை வாழ்த்துக. "மனைவியையும் விற்றானே, சேர்? மகனையும் விற்றானே?" என்பான். மனைவியைப் பொறுத்தமட்டில், மார்க்கண்டேய புராணத்தின்படி, தன்னை விற்றுக் கடனைத் தீர்க்குமாறு கூறியவள் அவளே. அவள் தன் துணிவால் அவன் அறத்திற் பங்கு கொண்டாள். மகனுக்கு என் சொல்லுவது? முடிவில் மகன் உயிர்த்தெழுந்தான், எல்லாம் மங்கலமாயிற்று என்பார் சிலர். அது ஏதுவாகாது. அரிச்சந்திரன் துணிந்த வேளையில் அம்முடிவை அறிந்திலன். அறியாத பின்விளைவு முன்செய்த துணிவுக்கு நியாயமாதல் எங்ஙனம்? மகன் தந்தையின் உடைமை, தந்தை விற்கலாம் என்பார் வேறு சிலர். இதனைச் சொல்லுவார் சைவராயின் தம் சித்தாந்தத்தையே மறந்தார். உயிர்கள் பல; அநாதியானவை; ஒவ்வொன்றும் பதிக்கு அடிமையேயன்றி மற்றோருயிரின் உடைமையன்று. தந்தையும் ஓருயிர், மகனும் ஓருயிர். ஆதலின் மகனைப் பற்றிய வினா அப்படியே நிற்கின்றது. யாம் மேலே கூறிய இரு வேற்றுமைகளும் அதனைத் தொடவில்லை.

எம் வகுப்பிலே இதனை யாம் முடித்து வைப்பதில்லை. அரிச்சந்திரன் மகனை விற்றது அறமே என்று ஒரு மேற்கோளும், அறமன்று என்று மற்றொரு மேற்கோளும் கரும்பலகையில் எழுதி, ஏதுவுக்கும் எடுத்துக்காட்டுக்கும் உரிய இடங்களை வெறுமையாக விட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை நிரப்புமாறு சொல்லுகின்றோம். அப்புராணத்திலே, தாயை விலைக்குக் கொண்ட அந்தணன் இழுத்துச் செல்லும்பொழுது பிள்ளை அழுது அவள் ஆடையைப் பற்றிக்கொண்டது என்றும், அவளே அவனையும் விலைக்குக் கொள்ளுமாறு வேண்டினாள் என்றும் வருகின்றது. இதனை வாசித்துக் காட்டியபொழுது ஒரு பையன், ஆடையைப் பிடித்ததே அப்பிள்ளையின் உடன்பாடு என்று ஏதுக் கூறினான். பின்வாங்கிலிருந்த பெண்பிள்ளை ஒருத்தி எழுந்து, "அவன் பிடித்தது அம்மாவை, சேர். விலையை அல்ல" என்றாள். கரும்பலகையில் அவ்விடம் இன்னும் வெறுமையாகவே இருக்கின்றது.